எஞ்சின் கத்துது, கார் நகரல... பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கிளட்ச் ஸ்லிப் ஆனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அம்பத்தூரிலிருந்து பாடி மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார் ஓட்டுநர். எஞ்சின் சத்தம் எகிறுகிறது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் அசையவில்லை. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகிய வாடை காருக்குள் வருகிறது.

மெக்கானிக் ஷெட்டில் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “பிளேட் போச்சு சார். கியர்பாக்ஸை இறக்கிடலாம்.”

அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், 50 வயதைத் தாண்டிய காரில் கிளட்ச் வழுக்குவது ஒரு அறிகுறிதான். காய்ச்சல் மாதிரி. காரணத்தைப் பார்க்காமல் புதிய பிளேட்டை மாட்டினால், சில மாதங்களில் அதே கார் அதே ஷெட்டுக்கு அதே வாடையோடு திரும்பி வரும். பிளேட்டுக்கு ஆகும் செலவை விட, அதை எடுத்து மாட்டும் வேலைக்கான கூலியும் நேரமும்தான் உரிமையாளரை அதிகம் வாட்டும்.

சென்னையின் சொந்த கார்

கிளாசிக் கார் என்றதும் பலருக்கும் அம்பாசடரும் ஃபியட்டும்தான் நினைவுக்கு வரும். அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. ஃபியட், பிரீமியர் பத்மினி எல்லாம் பம்பாய் தயாரிப்பு. சென்னைக்கு என்று ஒரு கார் இருந்தது என்றால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான்.

பிரிட்டனில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிச்செலோட்டி. 1961-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர் அருகே தன் ஆலையில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னாளில் பிரிட்டனிலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று, அதன் வழிவந்த கஸெல் 1977 வரை ஓடியது.

ஆலை மூடப்பட்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது, பெட்டியோடு வரும் உதிரிபாகம் கிடையாது. அதனால்தான் இந்தக் காரில் எதையும் அவிழ்க்கும் முன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கிளட்ச் உள்ளே என்ன நடக்கிறது?

எஞ்சினின் பின்முனையில் கனமான ஒரு இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அது ஃபிளைவீல். அதன் முதுகில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது கிளட்ச் கவர். கவருக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் ஒரு இரும்புத் தட்டை ஃபிளைவீல் பக்கம் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் பிரஷர் பிளேட். இந்த இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பதுதான் கிளட்ச் பிளேட். அதன் இரு பக்கமும் லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ இருக்கும். எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போவது இந்தப் பிளேட் வழியாகத்தான்.

பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்வாங்கும், நடுவில் இருக்கும் பிளேட் விடுபடும். காலை எடுத்தால் மறுபடி நசுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி தளர்ந்து, இரண்டும் உரசிக்கொண்டு வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதுதான் ஸ்லிப். உரசினால் சூடு. அந்தச் சூட்டில் லைனிங் கருகுகிறது, ஸ்பிரிங் தெம்பு இழக்கிறது. அதனால் ஸ்லிப் ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் நிலைமையை மோசமாக்கும். “இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டவர்கள்தான் கடைசியில் ஃபிளைவீலுக்கும் சேர்த்துச் செலவு செய்கிறார்கள்.

ஸ்லிப்தானா என்று எப்படி உறுதி செய்வது?

காலியான, சமமான சாலையில் டாப் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்திப் பார்க்கலாம். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே மெல்ல ஏறும். சத்தம் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் ஸ்லிப். சிடிஎச் சாலையில் மாலை நேரத்தில் இதைச் செய்ய முடியாது. ஞாயிறு விடியற்காலை பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் டாப் கியர்? முதல் கியரில் கியர்பாக்ஸ் எஞ்சினின் இழுவிசையைப் பெருக்கிக் கொடுக்கிறது, கார் சுலபமாக நகர்ந்துவிடுகிறது. டாப் கியரில் காரின் பாரம் முழுவதும் நேராக கிளட்ச் மேல் விழுகிறது. அதனால் நோய் முதலில் தெரிவது அங்கேதான். முதல் கியரிலேயே வழுக்க ஆரம்பித்துவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரத்துக்கு அணை கொடுத்து, டாப் கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை விட வேண்டும். எஞ்சின் உடனே அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடி இல்லை. இதை ஒரு முறை செய்தால் போதும். நண்பர்களுக்குக் காட்டுவதற்காக நாலு முறை செய்தால், இருக்கிற லைனிங்கும் போய்விடும். காருக்கு முன்னால் யாரும் நிற்கவும் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கியர் விழாமல் கரகரவென்று கத்துவது ஸ்லிப் இல்லை. அது நேரெதிர் பிரச்சினை. கிளட்ச் விடவேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது. ஹெரால்டில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது என்பதால், கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கத்துவது அதன் பிறவி குணம். அதற்காக கிளட்சை அவிழ்க்க வேண்டியதில்லை.

அதேபோல, மழை வெள்ளத்தில் நின்ற காரில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணீரில் நின்ற வாகனங்கள் ஏராளம். ஒட்டிக்கொண்ட பிளேட் வழுக்காது, விடாது. அதற்கு வைத்தியம் வேறு.

பிளேட்டைக் குறை சொல்லும் முன்...

ஹெரால்டின் கிளட்ச், பிரேக் மாதிரியே ஆயிலில் வேலை செய்வது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்தும். ஸ்லேவ் சிலிண்டர் ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் விடுபடும்.

ஆயில் கசிந்து குறைந்தால் கிளட்ச் சரியாக விடாது. அதனால் ஸ்லிப் வராது. ஆனால் தள்ளிய ஆயில் திரும்பி வராமல் உள்ளேயே மாட்டிக்கொண்டால்? யாரோ எப்போதும் பெடலில் லேசாகக் கால் வைத்திருப்பது போல ஆகிவிடும். ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அரைகுறையாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிளேட் புத்தம் புதிதாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும்.

இப்படி ஆக மூன்று காரணங்கள் வழக்கமாகச் சிக்கும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வரும் சிறு துளையில் அழுக்கு அடைப்பது ஒன்று. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது மனிதர் செய்த கோளாறு. அவசரத்துக்கு யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருப்பார்கள். ரப்பர் வாஷர்கள் எல்லாம் உப்பிப் பிதுங்கி, பிஸ்டன் திரும்பாது. அப்படி ஆனால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரப்பர் அத்தனையும் மாற்றியாக வேண்டும்.

சோதிப்பது எளிது. ஸ்லிப் ஆகும் நிலையில் காரை நிறுத்தி, பெடலில் கால் வைக்காமல், ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிளை மெல்லத் தளர்த்த வேண்டும். ஆயில் அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்தால் உள்ளே பிரஷர் மாட்டியிருக்கிறது. நிப்பிளை மூடிவிட்டு உடனே ஓட்டிப் பார்க்கும்போது ஸ்லிப் இல்லை என்றால், குற்றவாளி பிளேட் இல்லை. கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஆயில் இல்லாமல் ராடு, கேபிளில் கிளட்ச் இயங்கும் மற்ற பழைய கார்களில் பார்க்க வேண்டியது பெடலின் ஃப்ரீ பிளே. பெடலை விரலால் அழுத்தினால் முதலில் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி அதிகமாகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறையும். லைனிங் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நெருங்கும், அதன் லீவர்கள் பின்பக்கம் எழுந்து பேரிங்கைத் தொட வரும். இடைவெளி பூஜ்யமானால் ஸ்லிப். லைனிங்கில் இன்னும் கனம் இருந்தால், ஒரு நட்டைத் திருகுவதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ராத்திரி ஒரு அட்டையை விரித்துவைத்து, காலையில் பார்க்க வேண்டும். எண்ணெய் சொட்டியிருந்தால் அதே எண்ணெய் லைனிங்கிலும் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கறுத்து, எஞ்சின் ஆயில் வாடை வந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் கசிகிறது. கந்தகம் போன்ற காரமான நெடி வந்தால் அது கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன்பக்கம் கசிகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவது ஒரு பழைய வழக்கம். அது நிற்காது. சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் வெளியே வரும்.

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்ட்டில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சினின் பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் அந்த வழியாக வெளியே வந்துவிடும். கிளட்ச் போனதற்குக் காரணம் அடைத்துப்போன ஒரு குழாய் என்றால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக ஓட்டும் பழக்கம். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே காரை நிறுத்திப் பிடித்து ஊர்ந்தால், எந்தப் பிளேட்டும் தாங்காது. இந்தக் கார்கள் வடிவமைக்கப்பட்டபோது இப்படி ஒரு டிராஃபிக் இல்லை.

அவிழ்ப்பதென்றால் காருக்குள்ளே இருந்துதான்

இத்தனையும் பார்த்த பிறகும் ஸ்லிப் இருந்தால் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் கியர்பாக்ஸை இறக்க அடியில் படுக்க வேண்டும், குழி வேண்டும். ஹெரால்டில் கியர்பாக்ஸ் காருக்குள் வழியாக வெளியே வரும். சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டைச் சுருட்டி, நடுவில் இருக்கும் டன்னல் மூடியை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இந்த மூடியை உடைக்காமல் எடுப்பது முக்கியம். வேறு மூடி கிடைப்பது கஷ்டம்.

பேட்டரி வயரைக் கழற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு சேர்த்து ஓரமாகக் கட்டிவைத்தால் போதும், குழாயை அவிழ்க்க வேண்டாம். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்துவிட்டு, பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்ததும் கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பேர் தேவை. கியர்பாக்ஸின் எடை முழுவதும் அதன் ஷாஃப்ட் வழியாக பிளேட்டின் நடுவில் தொங்கினால் பிளேட் கோணிக்கொள்ளும். பழைய பிளேட்டை எடுக்கும்போது பரவாயில்லை. புதியதை மாட்டும்போது இப்படி ஆனால் முதல் நாளே கிளட்ச் அதிரும்.

ஊதாதீர்கள்

பெல் ஹவுசிங்கைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்கும். ஷெட்டுகளில் வழக்கம் என்ன? கம்ப்ரசர் குழாயை எடுத்து ஒரே ஊது. இந்த வேலையில் கிளட்சை விட ஆபத்தான விஷயம் இதுதான்.

அந்தக் காலத்து கிளட்ச், பிரேக் லைனிங்குகளில் சூட்டைத் தாங்க ஆஸ்பெஸ்டாஸ் நார் சேர்க்கப்பட்டது. அதன் தூசி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோயும், மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பெஸ்டாஸை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நோய் தெரிய 20, 30 ஆண்டுகள் கூட ஆகலாம் என்பதால், இன்று ஊதும் பையனுக்கு நாளை இருமல் வராது.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைகளுக்கு. தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குப் பதிவேடு வைப்பவர் யாரும் இல்லை. எனவே, சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்துத் தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு ஏற்ற பி100 வடிகட்டி கொண்ட முகக்கவசம் போட வேண்டும். பழைய லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது.

பிளேட் கிடைக்கலைன்னா?

ஹெரால்டுக்கு இது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கு இன்றும் உதிரிபாகம் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கிளட்ச் அளவு மாறியிருக்கிறது. பழைய பிளேட்டின் விட்டத்தை அளந்து, நடுவில் இருக்கும் பற்களை எண்ணி, கவரில் இருப்பது சுருள் ஸ்பிரிங்கா டயாஃப்ரமா என்று பார்த்த பிறகே ஆர்டர் போட வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கினால் சுங்க வரியும் சேர்ந்து வீண்.

இன்னொரு வழி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா ஆலைகளும் சேர்ந்து இந்தப் பகுதியையே வாகன உதிரிபாக ஊராக்கின. கிளட்சுக்கான லைனிங் தயாரிக்கும் ராணே குழுமத்தின் ஆலையும் அம்பத்தூரில்தான் இருக்கிறது. இவற்றைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை.

எனவே பழைய பிளேட்டின் இரும்பு நடுப்பகுதி நன்றாக இருந்தால், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புதிய லைனிங்கை ரிவெட் அடித்து வாங்கலாம். நடுவில் இருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் ஆடக் கூடாது, பற்கள் தேய்ந்திருக்கக் கூடாது, தட்டு கோணியிருக்கக் கூடாது. ரிவெட்டின் தலை லைனிங்குக்குள் பதிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட வேண்டும். தலை வெளியே நின்றால் ஃபிளைவீலில் கோடு கிழித்துவிடும்.

ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. லேசான கோடுகள் என்றால் லேத்தில் மெல்லிசாகச் சீவி எடுக்கலாம். விரிசல் இருந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான். அதிவேகத்தில் சுற்றும் சக்கரத்தில் ரிஸ்க் எடுக்க முடியாது.

“பேசாம மாருதி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் போட்டுடலாம்” என்று ஒருவர் யோசனை சொல்லாமல் இருக்க மாட்டார். ஓட்டுவதற்கு அது வசதிதான். ஆனால் 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் இருக்கும் சொந்த உபயோக வாகனம்தான் வின்டேஜ் என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக எஞ்சினை மாற்றினால் கைவிட்டுப் போவது இது.

திரும்ப மாட்டும்போது

கியர்பாக்ஸ் ஒரு முறை வெளியே வந்தால் ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் இருக்கும் சிறு பித்தளை புஷ், கசிகிற ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. சீலை மிச்சம் பிடித்து பிளேட்டை மட்டும் மாற்றுவது மிக மோசமான சிக்கனம்.

பிளேட்டை ஃபிளைவீலின் நடு மையத்தில் நிறுத்தி, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மையம் பிடிக்க பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்று இருந்தால் சௌகரியம். இல்லையென்றால் அளவாகச் சீவிய மரக்கட்டையில் டேப் சுற்றியும் செய்யலாம். பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பி மாட்டிவிட்டு எல்லாவற்றையும் மூடிய பிறகு கண்டுபிடிப்பது பெரிய தண்டனை. பற்களில் கிரீஸ் ஒரு துளி போதும். அப்பினால் சுழலும்போது லைனிங்கில் தெறிக்கும்.

புதிய லைனிங் ஃபிளைவீலோடு முழுதாகப் படிய முதல் 500 கிலோமீட்டர் வரை மென்மையாக ஓட்ட வேண்டும். பாரம் ஏற்றாமல், மேம்பாலச் சரிவில் ஹாஃப் கிளட்சில் நிற்காமல். அதுவரை டன்னல் மூடியை இரண்டு மூன்று ஸ்குரூவில் மட்டும் நிறுத்திவைக்கலாம். 500 முடிந்ததும் பெல் ஹவுசிங்குக்கு அடியில் மறுபடி அட்டையை விரித்து, ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். காலையில் அட்டை காய்ந்திருந்தால் மூடியை முழுதாக இறுக்கி, கார்ப்பெட்டை விரித்து, சீட்டுகளை மாட்டிவிடலாம்.